காதர் பாய் நெட்டில் ஒரு மாப்பிள்ளை

போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்த என் தலையில் யாரோ ஒரு பெரியவர் ஓதி ஊதிவிட்டுப் போனார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முடியாமல் போனது எங்கள் ஆபீஸ் நெட்டுக்குத்தான்.

இருங்கள், முதலில் ஆபீஸைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில். ஆபீஸே ஒரு பழைய கன்டெய்னர்தான் – ஜன்னல் வெட்டி, ஏசி மாட்டி, உள்ளே நாலு மேஜை. இரும்புப் பெட்டிக்குள் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. வெளியே வந்தால் சிக்னல் உண்டு, வீடியோ ஓடும் அளவுக்கு இல்லை. கூடவே டிரெய்லர் ஹாரனும் உண்டு.

நெட் வயர் வருவது சீனியரான காதர் பாயின் கம்ப்யூட்டருக்கு மட்டும். கனெக்‌ஷன் அதில்தான் பதிவாகியிருக்கிறது. பிடுங்கி வேறு எதில் செருகினாலும் ஏற்காது. அவர் கம்ப்யூட்டரிலிருந்து வைஃபையாக வாங்கித்தான் மற்ற மூன்று கம்ப்யூட்டர்களும் பிழைக்கின்றன. ஒழுங்கான ஒரு ஏற்பாடு செய்து தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டால், "இப்ப ஓடிக்கினுதானே கீது?" என்பார். ஓடத்தான் செய்கிறது... பாய் சீட்டில் இருக்கும்வரை.

ஏனென்றால் பாய்க்கு ஒரு பழக்கம். டீ குடிக்க எழுந்தாலும் கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுத்தான் போவார். மெசினுக்கும் ஓய்வு வேண்டுமாம். அவர் டீக்குப் போனால் நெட்டும் டீக்குப் போகும். அவர் தொழப் போனால் நெட்டும் தொழப் போகும். அந்த நேரத்தில் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து ஊர்வம்பு பேசுவோம். என்ன குறைந்துவிட்டது?

குறைந்தது ஆரோக்கியம் என்பவனுக்கு. என் பக்கத்து மேஜை, ராயபுரத்துப் பையன். பையன் என்றால் முப்பத்தாறு வயது. பார்த்த வரனெல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒன்று கூடி வந்தது. காலடிப்பேட்டைக் குடும்பம், பெண் குவைத்தில் நர்ஸ், அங்கேயே அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போட்டோ இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. வீடியோவில் முகம் பார்த்துப் பேசினால் முடிவு.

அங்கே லீவு வெள்ளிக்கிழமை, சர்ச் பூசையும் அன்றைக்குத்தான். அவர்கள் குறித்துக் கொடுத்த நேரம் – சரியாக நம் பாயின் ஜும்மா தொழுகை நேரம்! அன்றைக்குக் கப்பல் வருகிற நாள் வேறு. ஆரோக்கியத்துக்கு லீவும் கிடையாது.

வாரம் முழுக்க எல்லாரும் பாயைக் கெஞ்சினோம். இந்த ஒரு நாள் ஆஃப் பண்ணாதீர்கள், ஒரு பிள்ளையின் வாழ்க்கை. பாய் நெகிழ்ந்து போய்விட்டார். வெள்ளிக்கிழமை துண்டைக்கூடப் போர்த்தாமல், மெசினை ஒரு தட்டு தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆரோக்கியம் பவுடர் அப்பிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தான். அவனுக்கு மட்டும் நெட் முழுசாகக் கிடைக்கட்டும் என்று நாங்கள் எங்கள் கம்ப்யூட்டர்களைத் துண்டித்துவிட்டோம். சம்பளம், சொந்த வீடு, அம்மாவின் சர்க்கரை... எல்லாம் நன்றாகவே போனது. பெண் தலை குனியவில்லை, இவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அண்ணன் கனைத்துக்கொண்டு கேட்டார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. குடிப்பழக்கம் உண்டா?"

ஆரோக்கியம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். படம் அப்படியே நின்றுவிட்டது.

ஆள் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடும் அல்லவா? பாய் இல்லாமல் அது ஒருநாளும் விழித்திருந்ததே இல்லை. அதற்கு இப்படி ஒரு குணம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தட்டி எழுப்பினால் பாஸ்வேர்டு கேட்டது. அது பாய்க்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் போன் போடலாம் என்றால், அவர் போன் இங்கேயே மேஜை டிராயரில் கிடக்கிறது.

ஆரோக்கியம் வெளியே ஓடி, டிரெய்லர்களுக்கு நடுவில் நின்று குவைத்துக்குப் போன் போட்டு, "குடிக்க மாட்டேண்ணே!" என்று அலறினான். அந்தப் பக்கம் ஹாரன் சத்தம்தான் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கண் பாதி சொருகி, வாய் ஒரு பக்கம் கோணி, தலை சாய்ந்து... சத்தியமாகச் சொல்கிறேன், ஒயின் ஷாப் வாசலில் எடுத்தது மாதிரியே இருந்தது. கீழே ஒரு வரி: பூசைக்குக் கிளம்புகிறோம், அதற்குள் வீடியோவில் வந்தால் பேசலாம்.

"ஒரு சொட்டு தொட்டது கெடியாதுக்கா. இதுவும் பூடும் போல கீது" என்று ஸ்டூலில் சரிந்தான். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. என்னையே திட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் ஓதி வாங்க, கைக்குழந்தையும் தண்ணி பாட்டிலுமாகப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். இங்கே எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் நிற்பது வழக்கம். நானும் அந்த வரிசையில் நின்றேன், மூச்சு வாங்க. ஒரு பெரியவர் குழந்தை எங்கே என்று விசாரித்தார். குழந்தைக்கு முப்பத்தாறு வயது, ஆபீஸில் அழுதுகொண்டிருக்கிறது என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, எனக்கே ஊதிவிட்டார்.

காதர் பாய் வெளியே வந்ததும் பாஸ்வேர்டைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறார்! யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஹெட் ஆபீஸில் கிளாஸ் எடுத்தார்களாம். இது என்ன அணுகுண்டு ரகசியமா? வாதாட நேரமில்லை. மனிதரை அப்படியே ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். எங்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினார். மெசின் கண் விழித்தது.

குவைத்தும் வந்தது. அண்ணன் பூசைக்குப் போகும் சட்டையில், உர்ரென்று இருந்தார். பாய் கேமராவுக்குள் தலையை நீட்டி, புள்ளை மேல் தப்பில்லை, தூங்கினது என் மெசின்தான் என்று மன்றாடினார். அண்ணன் அசையவில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால் மெசின் மட்டும் தூங்கின மாதிரி தெரியவில்லையே என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, குவைத் வர்றதுக்கு முன்னாடி நான் மெட்ராஸ்ல காஷுவல்டி டூட்டி பாத்தவ. குடிச்ச மூஞ்சி எனக்குத் தெரியாதா? இது பயந்த மூஞ்சி."

எனக்கு அவளை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். இருந்தாலும் மாப்பிள்ளை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்றார். மெசின் மறுபடி தூங்கிவிடப் போகிறதே என்று பாய் அங்கே மவுசை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம் கேமராவை நெருங்கி உட்கார்ந்தான். "இதுவரிக்கும் குட்ச்சதில்லண்ணே. நீங்க இன்னும் கொஞ்சம் லேட் பண்ணிருந்தா, இன்னிக்கி ஆரம்பிச்சிருப்பேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். பெண் அவருக்கு முன்பே சிரித்துவிட்டாள். நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெண் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாப்பிள்ளையின் சம்பளத்தையும் பழக்கவழக்கத்தையும் அப்புறம் விசாரியுங்கள்... முதலில், நெட் யாருடையது என்று கேட்டு வையுங்கள்.