கொண்டை ஊசிக் கணிப்பு

பாதி வெட்டிய தலையை அந்தரத்தில் விட்டுவிட்டு, கைப்பேசியை எட்டி எடுத்தாள் புருல்கான். நாற்காலியில் இருந்தவள் ஒரு பக்கம் குட்டையும் மறுபக்கம் நெட்டையுமாகக் கண்ணாடியில் தன்னையே பார்த்து விழித்தாள். "இரு தாயி, இன்னொரு பதிவு விழுந்திருக்கு" என்று சுவரோரத் தலையணையில் ஒரு கருப்புக் கொண்டை ஊசியைக் குத்தினாள்.

கோச்கோர் ஊர்ச் சந்தையில் அவளுடையது ஒற்றை நாற்காலி முடிதிருத்தகம். தேர்தல் வந்தால் அது சோதிடக்கூடம். முகநூல் பதிவில் வேட்பாளர் பெயர் வந்தால் ஒரு ஊசி. இதயம் போட்டதெல்லாம் சேர்த்தியில்லை. "இதயமா? விருந்துக்குக் கூப்பிடாம விட்ருவானோன்னு பயந்து போடுறது. பேரை எழுதுறவதான் ஓட்டுப் போடுவா." மூன்று தேர்தல் பலித்துவிட்டது. முடிவு வருமுன்பே எந்த வீட்டுக்கு ஆட்டை ஓட்டிப்போய் வாழ்த்துவது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

இம்முறை ஊர்மன்றத்தின் ஒரே இடத்துக்கு இருவர் போட்டி. கம்பளி வியாபாரி தோக்தோசுனுக்குக் கருப்பு ஊசி, நூற்று முப்பத்தொன்று. அவளுடைய சொந்த மாமனாருக்கு வெள்ளை ஊசி, நாற்பத்தாறு. வேறொருத்தியானால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். இவளுக்கு அந்தப் புத்தி ஏது? "ஓட்டுச்சீட்டு வரிசைப்படி முதலாமவர் ஜெயிப்பார், ரெண்டாமவர் தோற்பார்" என்று முகநூலில் போட்டுவிட்டாள்.

அன்று முதல் மாமனார் அவள் கையால் தேநீர் வாங்குவதில்லை. அவள் ஊற்றி நீட்டினால் கிண்ணம் நடுவிலேயே ஆறும். கிழவர் எழுந்துபோய்த் தானே ஊற்றிக்கொள்வார். பதினொரு நாள். கடையின் பின்பக்கம் போய் அழுதாள். ஆனாலும் பதிவை அழிக்கவில்லை. "ஊசிக்கு மாமனார் மருமகள் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஐம்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மறுநாள் காலையிலேயே ஓரகத்தி அயீம்கான் வந்து நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே, நம்ம வகையறாவுல எத்தனை மருமகளுங்க? மாமனார் முறைக்காரர் பேரை எவடி வாய்விட்டுச் சொல்லுவா, எழுதுவா? எல்லாருமா 'வெள்ளைத் தொப்பிக்காரர்'னு எழுதித் தள்ளினோமே, அதுக்கு எங்க ஊசி?"

புருல்கான் கைப்பேசியைப் புரட்டினாள். வெள்ளைத் தொப்பிக்காரர், வெள்ளைத் தொப்பிக்காரர், பக்கம் பக்கமாக. அதில் ஒன்று அவளே எழுதியது.

அன்று மாலை வீடு நிறைய விருந்தாளிகள். தேநீர் கொதிக்கும் சமோவார் பாத்திரத்தின் அருகே அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"தோத்துப்போவேன்னு ஊருக்கெல்லாம் சொன்னியே" என்றார் மாமனார். பதினொரு நாளில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. "இப்ப என் பேரைப் போட்டு, ஜெயிச்சாருன்னு எழுது பாப்போம்."

"அது மட்டும் என்னால ஆகாது மாமா."

"தோப்பேன்னு எழுத மட்டும் ஆச்சாக்கும்?"

"அப்பவும் ரெண்டாமவர்னுதானே போட்டேன்? பேரைச் சொன்னேனா?"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. கிழவர் சிரிக்கவில்லை. வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அவள் முன்னால் வைத்து, "படம் புடிச்சுப் போடு" என்றார். பிறகு, தன் காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.