அயர்லாந்து பத்மநாதன்

சுவிஸின் ஊஸ்டரில் பத்மநாதன் என்றால் எந்தப் பத்மநாதன் என்று கேட்பார்கள். அயர்லாந்து பத்மநாதன் என்றால் உடனே தெரியும். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியே ஓய்வுக்குப் போன மனிதர். அயர்லாந்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஆனால் வருடாவருடம் ஜெனீவாவில் ஐ.நா. முன்னால் நடக்கும் ஊர்வலத்துக்குப் பஸ் புறப்பட்டால் ஒலிவாங்கி அவர் கையில்தான்.

"ஐரிஷ்காரர் 1919இலை பாரிஸ் சமாதான மாநாட்டுக் கதவைத் தட்டினவை. திறக்கேல்லை. நாலு வருசத்திலை இதே ஜெனீவாவிலை, அப்ப இருந்த உலக நாடுகள் சங்கத்திலை ஒரு நாடாய் வந்து குந்தினவை. நாங்களும் குந்துவம்!"

கை தட்டுவோம். வேறு என்ன செய்வது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கவா முடியும்?

செல்வராணி அக்கா மட்டும் தட்டமாட்டார். அவர் மடியில் மகன் சயந்தனின் படம் இருக்கும். அவனை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாதது இயக்கம். அப்போது ஊரில் அந்தப் பகுதிக்கு இயக்கப் பொறுப்பாளர் இதே பத்மநாதன். படத்தின் கீழே 'இராணுவம் கடத்தியது' என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. வெட்கங்கெட்ட வேலை. எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு வேண்டியது நீதிகூட இல்லை. மகனைப் புதைத்த இடம் தெரிந்தால் போதும்.

இந்த வருடம் பேச்சு முடிந்ததும் அக்கா எழுந்துபோய் ஒலிவாங்கியை வாங்கினார்.

"தம்பி, அயர்லாந்திலையும் இயக்கம் தன்ரை சனத்தையே சுட்டுப் புதைச்சதாம். மகள் யாதவி வாசிச்சுச் சொன்னவள். பிறகு பிரிட்டிஷ், ஐரிஷ் ரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, ஆர் செய்தது எண்டு கேக்கமாட்டம், இடத்தை மட்டும் சொல்லுங்கோ எண்டவையாம். சொன்னவங்களாம். சதுப்பு நிலத்தைக் கிண்டி எலும்பைக் குடுத்தவையாம். நானும் ஒண்டும் கேக்கமாட்டன். எந்தக் காணி எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பத்மநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அயர்லாந்துக் கதையில் இந்தப் பக்கம் மட்டும் அவருக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்தேன்.

"அதிலை சிலரை இன்னும் எடுக்கேல்லை அக்கா," என்றார். தெரிந்தே இருந்திருக்கிறது, பாவி.

"என்ரை பிள்ளையை எடுக்கலாமோ?"

"உங்களுக்கு ஒரு பிள்ளையின்ரை விசயம். இது ஒரு நாட்டின்ரை விசயம். இப்ப அந்த இடத்தைக் கிண்டினால் வெளிநாட்டுக்காரன் எங்களை என்னெண்டு பாப்பான்?"

"அப்ப இடம் தெரியும்," என்றார் அக்கா.

பத்மநாதன் ஒலிவாங்கியைப் பிடுங்கி, "ஜெனீவா வந்திட்டுது, எல்லாரும் இறங்குங்கோ," என்றார். நாங்கள் இறங்கினோம்.