அணைக்கு வெளியே இருந்தவர்கள்

களனி ஆற்று வெள்ளம் கொட்டாஞ்சேனைப் பக்கம் வராமல் தடுத்த மண்ணணையில் நான் ஓவசியராக இருந்தேன். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்கள். எலிப் பொந்துகளை இடித்து மண் நிரப்புவது, சரிவில் முளைக்கும் மரக்கன்றுகளை வேரோடு பிடுங்குவது, மாடு ஏறவிடாமல் விரட்டுவது, இவைதான் வேலை. அணைக்கு வெளியே, ஆற்றோரத்தில், செங்கல் அறுக்கும் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் ஒருவன் அணையின் அடியிலேயே களிமண் வெட்டுவான். இரண்டு தடவை அவனுடைய மண்வெட்டியைப் பறித்து ஆற்றில் எறிந்தேன். இரண்டாம் தடவை அவன் என் சட்டையைக் கிழித்து, நெஞ்சில் உதைத்தான்.

அந்த வருடம் வைகாசி மழை ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலை தண்ணீர் அணையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றது. செங்கல்காரன் நாலைந்து பேரோடு தோணியில் வந்து மேலே ஏறினான். எல்லோர் கையிலும் மண்வெட்டி.

“என்ர ஆக்கள் கூரையில நிக்கினம். இந்தத் தோணி ஒண்டுதான் இருக்கு, எல்லாரையும் ஏத்தேலாது. கொஞ்சம் வெட்டிவிட்டாத் தண்ணி இறங்கும், விலகுங்கோ” என்றான்.

கொஞ்சத்தோடு நிற்காது, அணையே போய்விடும், உள்ளே தெருத்தெருவாகச் சனம் இருக்கிறது என்று சொன்னேன். அவன் குனிந்து முதல் வெட்டை வெட்டினான். என் கையில் அலவாங்கு இருந்தது, கனத்த இரும்புக் கடப்பாரை. முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. விழுந்தவனை இன்னொரு தடவையும் அடித்தேன். அதற்குத் தேவை இருக்கவில்லை.

அவனுடைய ஆட்கள் என் கூலியாட்கள்மேல் பாய்ந்தார்கள். ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அந்த நேரம் பார்த்து உள்பக்கச் சரிவின் அடியில் தண்ணீர் குமிழியிட்டுக் கிளம்பியது. தெளிந்த கசிவென்றால் பயமில்லை; இது சேறாக வந்தது. அணை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். சண்டையை விட்டுவிட்டு ஓடினோம். ஊற்றைச் சுற்றி மணல்மூட்டைகளை வட்டமாக அடுக்கி, கிணற்றுக்கட்டுப் போல உயர்த்தினோம். உள்ளே தண்ணீர் ஏற ஏற, அதன் பாரத்தில் ஊற்றின் வேகம் அடங்கிக் கலங்கல் தெளிந்தது. அணை நின்றது.

செங்கல்காரனை அவனுடைய ஆட்கள் தோணியில் தூக்கிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் கூரை சரிந்து, அவனுடைய மகள் ஆற்றோடு போய்விட்டாள்.

வெள்ளைக்கார இஞ்சினியர் விசாரித்தார். அவன்தான் முதலில் மண்வெட்டியை என்மேல் ஓங்கினான் என்றேன். அது பொய். கோட்டில் நீதவான் முன்னாலும் அதையே சொன்னேன். அவனுக்கு மறியல் விழுந்தது; சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அவன் மனைவி கொட்டாஞ்சேனையில் என் வாசலில் நின்றாள்.

“உங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்ததோ?”

இல்லை என்றேன். ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு மறு கன்னத்திலும். அக்கம்பக்கத்தார் அவளைப் பிடித்து இழுத்தார்கள். விடச் சொன்னேன்.

மறுநாள் இஞ்சினியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வழக்கு முடிந்துவிட்டது, போய் வேலையைப் பார் என்றார். தனியாகக் கோட்டுக்குப் போய் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. அவன் தண்டனை முழுவதையும் அனுபவித்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.