பாதியில் நிறுத்திய குளிசைகள்

போன நாலு வாரமும் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். சுகமில்லையா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை. என் தம்பிக்குத்தான் கால்... அதில் என் கையும் இருந்தது. அதனால்தான் எழுத வரவில்லை.

தம்பி தவராசா தன்னாமுனையில் இருக்கிறான். வாவியில் மீன் பிடிக்கிறவன். ஒன்றரை மாதத்துக்கு முன் வலையைக் கரைக்கு இழுக்கும்போது, வலது பாதத்தில் சின்ன விரலுக்குக் கீழே கெளுத்தி முள் ஏறிவிட்டது. வாவியில் இறங்குகிறவனுக்கு இது புதினமா? முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தான். அடுத்த நாள் கால் வீங்கியது. உடனே மனைவி புவனாவை நாவற்குடாவுக்கு அனுப்பினான்.

ஆஸ்பத்திரிக்கு அல்ல. என்னிடம்.

ஏன் என்னிடம்? சுனாமிக்குப் பிறகு சனமெல்லாம் பள்ளிக்கூடங்களில் கிடந்த நாட்களில், எங்கள் பக்கத்து முகாமில் நானும் வேலை செய்தேன். மருந்து பெட்டி பெட்டியாக வந்தது. லேபல் எல்லாம் இங்கிலீசு. சிலது என்ன பாஷை என்றே தெரியாது. டொக்டர்மார் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு முகாம். அவர்கள் சொன்னதை எழுதிவைத்து, யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தது நான்தான். தகரமும் கண்ணாடியும் வெட்டி, சேறு ஏறிய காயங்கள். குளிசை போட்டு அவை காய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். முகாம் மூடியபோது மிஞ்சியதை எறிய மனம் வரவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு சண்டை. பாதை மூடல், சோதனைச்சாவடி, செல் விழும் சத்தம். காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பகல் முழுதும் போய்விடும். சில நாள் போகவே ஏலாது. அப்போது எங்கள் ஒழுங்கைக்கே அந்த டின்தான் பாமசி. யாருக்காவது மருந்து மிஞ்சினால் கொண்டுவந்து என்னிடம் தருவார்கள். கேட்டவருக்கு நான் கொடுப்பேன். நாலு... ஆறு... இருப்பதைப் பொறுத்து. 'குளிசையக்கா' என்று பேரும் வந்தது. பொய் சொல்வானேன் – எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

சண்டை முடிந்தது. பாதை திறந்தது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி. ஆனால் நான் கொடுப்பதை நிறுத்தவில்லை.

புவனாவிடம் சிவப்பும் மஞ்சளுமான ஆறு குளிசை கொடுத்தேன். காலையில் ஒன்று, இரவு ஒன்று. இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் எடுத்தான்.

"வீக்கம் வத்திட்டு அக்கா. இன்னும் ரெண்டு கிடக்கு. மறுகா உதவும் எண்டு வெச்சிரிக்கன்."

"அதுவும் சரிதான்" என்றேன்.

ஆறே போதாது என்பது எனக்குத் தெரியாது. அதிலும் இரண்டை மிச்சம் பிடித்ததற்கு நான் சரி சொன்னேன்!

"கொஞ்ச நாளைக்குத் தண்ணியில இறங்காத" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். "சண்டை முடிஞ்சு இப்பதான் நினைச்ச நேரம் தோணி தள்ள விடுறாங்கள். வீட்டுல படுக்கச் சொல்றீங்களா?"

பத்து நாளில் கால் திரும்ப வீங்கியது. இந்தமுறை வேறு நிறக் குளிசை கொடுத்தேன். முந்தியது கேட்கவில்லை என்றால் இது கொஞ்சம் பலமாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். எங்கே படித்தேன் அதை? எங்கும் இல்லை.

நாலாம் நாள் புவனா போன் எடுத்தாள். "மச்சாள், அவர் ஆள் சரியில்ல. உடம்பு கொதிக்குது. என்னைப் பார்த்து அம்மா எண்டு கூப்பிடுறார்."

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் கெண்டை வரைக்கும் சிவந்து, தோல் பளபளத்தது. சின்ன விரல் கறுத்திருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்.

"இதுக்கு முதல் ஏதும் மருந்து குடிச்ச நீங்களா?"

தம்பி அந்த நேரம் கொஞ்சம் தெளிந்திருந்தான். என்னை ஒரு தரம் பார்த்தான்.

"இல்ல டொக்டர். மஞ்சள் அரைச்சுப் பூசின நான். அவ்வளவுதான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஏன்? நாலு பேருக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையிடம் பேச்சு வாங்க வேண்டுமே என்ற வெட்கம். வேறொன்றுமில்லை.

காயத்திலிருந்து சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஊசிமருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நர்ஸ் மிஸி ஒருவர் வந்து, சிவப்பு முடியும் இடத்தில் பேனாவால் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "இதைத் தாண்டுதா எண்டு பார்க்கத்தான்" என்றார்.

மறுநாள் காலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. மிஸி மேலே இன்னொரு கோடு போட்டார். அதற்கடுத்த நாள் அதையும் தாண்டியது. முழங்காலுக்கு நாலு விரல் இடைவெளிதான் மிச்சம். புவனா கோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிசை வாங்கிப் போனவள் அவள்தானே.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் டின்னை எடுத்துவந்து டொக்டருடைய மேசையில் வைத்தேன். "அவன் சொன்னது பொய். நான்தான் குடுத்த நான்" என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஒவ்வொரு மருந்தாக எடுத்துப் பார்த்தார். "இது திகதி முடிஞ்சது... இது புண்ணுக்கே இல்ல... அவருக்கு எதைக் குடுத்தீங்க?"

இரண்டையும் காட்டினேன். அந்த இடத்திலேயே மருந்தை மாற்றி எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு நாளைக்கு முதல் இதைச் சொல்லியிருந்தா, இதே வகை மருந்தை நான் ஏத்தியிருக்க மாட்டன்."

பிறகு கேட்டார்: "இதுல இருந்து எத்தினை பேருக்குக் குடுத்திரிப்பீங்க?"

"தெரியா டொக்டர்."

அன்றைக்குப் பின்னேரம் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சோதனை ரிப்போர்ட் அடுத்த நாள் வந்தது. வரிசையாக மருந்துகளின் பேர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து. ஆர், ஆர், ஆர்... ஏழு ஆர். கடைசியில் இரண்டே இரண்டு எஸ்.

"ஆர் எண்டா அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது. எஸ் எண்டா சாகும்" என்றார் டொக்டர். புதிதாக ஏற்றும் மருந்து அந்த இரண்டில் ஒன்று.

"இது என்னாலயா டொக்டர்?"

"ஒரு ஆளால எண்டு சொல்லேலா. ஆஸ்பத்திரியிலயும் இப்படிக் கிருமி வருது. கடையில சும்மா வாங்கிக் குடிக்கிறதாலயும் வருது. தேவையில்லாம, அரைகுறையா அன்டிபயோட்டிக் குடிச்சா லேசான கிருமி சாகும், பலமானது மிஞ்சும். மிஞ்சினது பெருகும். பிறகு அது அடுத்த ஆளுக்கும் தொத்தும்."

"இந்த மருந்தும் கேக்காட்டி?"

அவர் ரிப்போர்ட்டை மடித்துக் கோப்பில் வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயிலுக்குப் போனேன், கும்பிட வாய் வரவில்லை; திரும்பிவிட்டேன். நாலாம் நாள் காலை சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. தம்பி தேத்தண்ணி கேட்டான். குடித்துவிட்டு, சீனி காணாது என்றான். அப்போதுதான் புவனா அழுதாள்.

இப்போது வீட்டில் இருக்கிறான். சாய்ந்து சாய்ந்து நடக்கிறான். போன கிழமை கேட்டேன்: "ஏன்டா பொய் சொன்ன?"

"உங்களப் பேசுவாங்கள் எண்டு நினைச்சன்."

"கால் போயிருந்தா?"

"போகல்லதானே" என்றுவிட்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. சும்மா இருக்கும்போது ஒழுங்கையில் வீடு வீடாக எண்ணுகிறேன். தையல்கார அக்காவின் கொப்புளம். முன்வீட்டுப் பிள்ளையின் காது. இன்னொருவரின் பல்லு வீக்கம். எல்லோரும் சுகமாகித்தான் போனார்கள். போனார்களா? யாருடைய உடம்பில் எது மிஞ்சிக் கிடக்கிறது? கடல் வந்தபோது கண்ணால் கண்டோம். செல் வந்தபோது காதால் கேட்டோம். இது வந்தால் எதைக் கண்டு ஓடுவது?

நேற்று முன்தினம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்தாள். மகளுக்குத் தடிமன், இருமல்.

"என்னகா, ரெண்டு குளிசை தாவன்."

"இல்ல பாக்கியம். இனி ஆருக்கும் குடுக்கிறல்ல. தடிமனுக்கு அது தேவையுமில்ல. காய்ச்சல் கூடினா டொக்டர்கிட்டக் காட்டு." தம்பியின் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டாள். உச்சுக் கொட்டினாள். முகம் கறுத்துத்தான் போனாள்.

ஒரு மணித்தியாலத்தில் வேலிக்கு மேலால் ஒரு கடதாசிப் பையை ஆட்டிக் காட்டினாள். உள்ளே நாலு குளிசை. தம்பிக்கு முதலில் நான் கொடுத்த அதே சிவப்பும் மஞ்சளும்.

"டொக்டர் எழுதின துண்டு இல்லாமலா பாமசிக்காரர் தந்தவர்?" என்று கேட்டேன்.

"துண்டு என்னத்துக்கு? தெரிஞ்ச ஆள்தானே" என்றாள்.

என்னிடம் வந்தவர்களும் அப்படி நம்பித்தான் வந்தார்கள்.