கப்பல் கடிதத்தின் பதினோராவது குறிப்பு

கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். பம்பாய் மாட்டுங்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன தமிழ்ப் பெண்கள் பலருடைய பெட்டியில், சேலை மடிப்புக்குள், அந்த நாளில் என் கடிதத்தின் நகல் ஒன்று இருந்திருக்கும். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமை எப்படிப் போயிற்று என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மொம்பாசாவில் வேலையாயிருந்த என் கணவரிடம் போய்ச் சேர நான் தனியாகக் கப்பலேறினேன். இரண்டு வருஷத்தில் அவருக்குப் பம்பாயிலேயே வேலை கிடைத்து இருவரும் திரும்பிவிட்டோம். வந்த கையோடு மாமியாரின் சிநேகிதி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு அடுத்த மாசம் கப்பலேறப் போறா. என்னென்ன பண்ணணும், பண்ணப்படாதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடேன்" என்றாள். கேட்டதுதான் தாமதம், பன்னிரண்டு குறிப்புகள் எழுதித் தள்ளினேன்.

பெரிய பெட்டிகளைக் கப்பலின் அடியில் போட்டுவிடுவார்கள், இறங்கும்வரை கண்ணில் படாது. வழிக்கு வேண்டிய சேலைகளைச் சின்னப் பெட்டியில் வை. இது முதல் குறிப்பு. குளிக்கிற இடத்தில் குழாயில் வருவது கடல் தண்ணீர், சோப்பு நுரைக்காது; கடைசியில் ஊற்றிக்கொள்ள ஒரு வாளி நல்ல தண்ணீர் தருவார்கள், அதை முதலிலேயே தீர்த்துவிட்டு விழிக்காதே. மேல்தளத்தில் பிறர் துண்டு போட்டு வைத்த நாற்காலியில் உட்காராதே. சாப்பாட்டு மணி அடித்ததும் பந்திக்கு முந்துகிற மாதிரி ஓடாதே. ஆபத்துக்கால ஒத்திகை என்று கூப்பிட்டால் மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேலேயே கட்டிக்கொள்; சிரிப்பு வந்தாலும் அடக்கு, கப்பல் அதிகாரிகளுக்குப் பிடிக்காது. தலை சுற்றினால் அறைக்குள் அடைந்து கிடக்காதே, மேலே வந்து தொலைவில் பார். அறையைக் கவனிக்கிற ஆளுக்கு இனாம் கடைசி நாளில் கொடு.

இப்படிப் போய், பதினோராவதாக இதை எழுதினேன்: "வேற்று மனிதர் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். கொண்டுபோன அவலும் பழமும் போதும். நான் அப்படித்தான் இருந்தேன்."

பொய். வாய் கூசாமல் சொன்ன பொய் என்பார்களே, இது கை கூசாமல் எழுதிய பொய். மாமியார் படித்துப் பார்ப்பாள் என்று எழுதினேன். ஆனால் அவள் மேல் பழி போடமாட்டேன். எழுது என்று அவள் சொல்லவில்லை. ஆசாரமான மாட்டுப்பெண் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை என்னுடையது.

நடந்தது வேறு. கப்பலில் என் அறையில் இன்னொரு பெண்மணி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தாராவியில் அவள் புருஷனுக்குத் தோல் கிடங்கு. அவர் ஆண்கள் பக்கத்து அறையில் இருந்தார். அவளுக்கு அது மூன்றாவது கடற்பயணம். அவளுக்கு எழுதியிருந்த கீழ்ப் படுக்கையை, "நீ படு தங்கச்சி, எனக்கு ஏறி எறங்கிப் பழக்கந்தான்" என்று எனக்குக் கொடுத்துவிட்டாள். நல்ல தண்ணீர் வாளி, நாற்காலித் துண்டு, இனாம் எல்லாம் அவள் சொல்லித்தந்தவை. என் கடிதமே அவளுடைய வாய்ப்பேச்சுதான், கையெழுத்து மட்டும் என்னுடையது.

இரண்டாம் நாள் கடல் ஆட ஆரம்பித்தது. எனக்குக் குடலைப் பிடுங்கியது. கப்பலில் இந்துக்களுக்கு ஒரு சமையலறை, முஸ்லிம்களுக்கு ஒரு சமையலறை. எங்கள் பக்கம் குஜராத்திச் சமையல், பருப்பில் வெல்லம் மணத்தது. அந்த வாசனைக்கே வாந்தி. அவலைப் பார்த்தால் கண்ணீர் வந்தது. நாலாம் நாள் தலையைத் தூக்க முடியவில்லை. செத்துப்போனால் கடலில் போட்டுவிடுவார்களாமே என்று அழுதேன். அவள் வெளியே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆனால் கிண்ணத்தை நீட்டவில்லை.

"கஞ்சி. எங்க சமையல்கட்டுல வச்சது. அரிசியும் உப்புந்தான், வேற ஒண்ணும் சேக்கல. குடிக்கியா, வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றாள்.

குடித்தேன். மறுபடி கேட்டு வாங்கியும் குடித்தேன். உப்பில் ஊறிக் காய்ந்த எலுமிச்சைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தாள். கரை சேரும்வரை அந்தக் கஞ்சியில்தான் உயிரோடு இருந்தேன். இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, என் வீட்டு விலாசம் சொல்லி, "பம்பாய் வந்தா எங்காத்துக்குக் கட்டாயம் வரணும் அக்கா" என்றேன்.

வந்தாள். நான் கடிதம் எழுதி ஒரு வருஷம் இருக்கும். அதற்குள் அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருந்தது. மத்தியானம் மூன்று மணி. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். கூடத்தில் மாமியார் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யாருடி?" என்றாள்.

"கப்பல்ல பழக்கம்" என்றேன். அக்கா என்று வாயில் வரவில்லை. நாற்காலி போட்டேன். வெளியாருக்கென்று தனியாக வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் காப்பி கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியாது, குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

பிறகு இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "மவ அடுத்த வாரம் மொம்பாசா போறா, மாப்பிள கிட்ட. தனியா போறா. எங்க கிடங்குல எழுத்து வேல பாக்குற ஐயரு இதக் குடுத்தாரு. கப்பல்ல போறவுகளுக்குப் பன்னெண்டு குறிப்பாம், யாரோ படிச்ச பொம்பள எழுதுனதாம். எனக்கு எழுத்து தெரியாது. மவளுக்கு உருது, ஹிந்தி தெரியும், தமிழ் வாசிக்க வராது. நீ வாசி தங்கச்சி, மனசுல போட்டுக்கிடுதேன்."

ஐயர் கையெழுத்து. வாசகம் என்னுடையது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசித்தேன். அவள் கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. "சரியா சொல்லுதாவ", "இது நா சொன்னதுல்லா" என்று நடுநடுவே சிரித்தாள். பத்தை முடித்து, பதினொன்றைத் தாண்டி, பன்னிரண்டாவதை வாசித்து மடித்துவிட்டேன்.

"ஒரு கணு பாக்கி நிக்கே தங்கச்சி" என்றாள்.

"அது ஒண்ணுமில்லை. உங்களுக்கு வேண்டாதது."

"எனக்கு வேண்டாட்டா என்ன? மவளுக்கு வேணுமே. வாசி."

வாசித்தேன். முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் பாக்கி நின்ற கணுவைத் தொடவில்லை. கோபமில்லை. "மத்ததெல்லாம் சரி. ஆனா இத எழுதுனவுக கப்பல்ல போயிருக்கவே மாட்டாவ. போனவுக இப்படி எழுத மாட்டாவ" என்றாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "நன்னாருக்கே! எழுதினதே இவதான். எங்காத்து மாட்டுப்பொண்ணாக்கும். பத்து நாளும் அவலையும் பழத்தையும் தின்னுண்டு போயிருக்கா. வேணும்னா அவளையே கேளுங்கோ."

வந்தவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வீட்டில் என் மானம் கப்பலேறிவிடும். அவளுக்கு அந்த உரிமை உண்டு என்றும் எனக்குத் தெரியும்.

"ஆமாம்மா" என்றாள் மாமியாரிடம். "நானும் அதே அறையிலதான இருந்தேன். பாத்தேன். அவலுதான் தின்னுச்சு. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவள் பொய் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இல்லை" என்றேன், மாமியாரைப் பார்த்து. "அக்கா கையால கஞ்சி குடிச்சேன். அவா சமையல்கட்டுல வெச்ச கஞ்சி. தினமும் குடிச்சேன். அது இல்லேன்னா நான் திரும்பி வந்திருக்க மாட்டேன்."

மாமியார் எழுந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அது பின்னால் நடந்தது.

"நா மூடி வச்சத நீ ஏன் தொறந்த?" என்று அக்கா தணிந்த குரலில் அதட்டினாள். கண் கலங்கியிருந்தது. பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "சரி, அந்த ஒண்ண அடிச்சிட்டு வேற எழுதிக் குடு. கப்பல்ல வாசிச்சுச் சொல்ல மவளுக்கு யாராச்சும் கெடப்பாவ."

பேனாவை எடுத்துப் பதினொன்றை அடித்தேன். என்ன எழுதுவது? கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடி என்று எழுத வந்தது. அந்தப் பெண் வாங்குகிறவளாகவே இருக்க வேண்டுமா என்று தோன்றியது. அவள் அம்மா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, நீட்டாமல், என் பதிலுக்குக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. எழுதி, வாசித்துக் காட்டினேன்:

"அறையில் கூட இருப்பவளுக்கு முடியாமல் போனால் கஞ்சி கொண்டுவந்து கொடு. கொடுக்கும் முன் எந்த அடுப்பில் வைத்தது என்று சொல்லிவிட்டுக் கொடு."

அவள் கடைசிக் கணுவைத் தொட்டு, "பன்னெண்டும் ஆச்சு" என்று எழுந்துகொண்டாள்.

அந்த ஒரு நகலைத்தான் என்னால் திருத்த முடிந்தது. மற்றவையெல்லாம் எந்தெந்தப் பெட்டியிலோ பழைய பதினொன்றோடு கடலில் போய்க்கொண்டிருந்தன.