கோபத்தை விட்ட செல்வின் அண்ணா

செல்வின் அண்ணா போய்விட்டார். இன்று காலையில்... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் என் பக்கத்து சீட். தாம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போய் வருவோம்.

டென்ஷன் ஆனால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். ஃப்ளோர் முழுக்கக் கேட்கும். அடுத்து நேராக மேனேஜர் கேபின்... எங்களில் யாருக்கோ மறுத்த லீவை வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்.

வெள்ளம் வந்த வருஷம். அவர் வீடு இருந்த முடிச்சூரே தண்ணீரில் கிடந்தது. வராதவர்களுக்கு லீவில் கழிப்போம் என்று மெயில் வந்தது. அண்ணா ஈர பேன்ட்டோடு வந்து போட்ட சத்தத்தில் ஒருத்தருக்கும் கழிக்கவில்லை.

அப்புறம் ஆபீஸுக்குத் தியான கிளாஸ் வந்தது. ஸ்ட்ரெஸ் பழக்கங்களை விட்டுப் புது மனிதராகலாம் என்றார்கள். கிளாஸ் லன்ச் நேரத்தில்! எங்கள் சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்கி எங்களுக்கே நிம்மதி சொல்லிக்கொடுத்தார்கள்.

நாங்கள் கண்ணை மூடித் தூங்கினோம். பி.பி. இருந்ததால் அண்ணா மட்டும் சீரியஸாகக் கற்றுக்கொண்டார். தட்டப் போன கையை நிறுத்தி, மூச்சை இழுத்து, மெல்ல விடுவார். போகப் போகக் கை எழுவதே நின்றுவிட்டது.

வீட்டில் இப்போது சண்டையே இல்லை என்று அவர் மனைவி மெர்சி அக்கா சந்தோஷப்பட்டார். நானும்தான்.

ஆபீஸுக்கு அதைவிட சந்தோஷம். யாரும் தொடாத ஃபைல் எல்லாம் அண்ணா தலையில்தான் விழுந்தது.

போன மாதம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு நாள் லீவு கேட்டார். மன்த் எண்ட் முடியட்டும் என்றார் மேனேஜர்.

அண்ணா கண்ணை மூடி மூச்சு விட்டார். "பரவால்ல சார்" என்றார். அவ்வளவுதான்... சீட்டுக்கு வந்துவிட்டார்.



மதியம் பூமாலையோடு வீட்டுக்கு வந்த மேனேஜர், எங்கள் தியான கிளாஸுக்கே செல்வின்தான் உதாரணம், எவ்வளவு சாந்தமாக மாறிவிட்டார் என்று அக்காவிடம் சொன்னார். வெட்கமே இல்லாமல்.

அக்கா அழவில்லை. "அந்தப் பழைய கோவக்காரரா இருந்திருந்தா லீவு வாங்கிட்டு வந்திருப்பாரு சார்" என்றார்.

மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

நாளை மதியம் அடக்க ஆராதனை. நான் லீவு கேட்கவில்லை. வருகிறேன் அண்ணா.