பம்பை நின்ற இடம்

மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டில் மிளகு விவசாயி ஒருவரும் அவர் தங்கையின் கணவரும் சேர்ந்து, எங்கோ வெளிநாட்டில் கணினியிலேயே செய்த ஒரு நடன இசையைப் பம்பையிலும் நாதஸ்வரத்திலும் வாசித்தார்கள். பதிவு செய்தவள் நான். அந்த இசையை முதலில் போனில் போட்டுக் காட்டியவளும் நான்தான். சேலத்துக்காரி, மலையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன்.

பம்பை கோயிலுடையது. அந்த இரட்டை மேளம் அப்பாவுக்குப் பிறகு விவசாயியின் கையில் இருந்தது; ஊரில் அவர்தான் பம்பைக்காரர். ஊர்க்கவுண்டர் ஒரே நிபந்தனையில் அதை வெளியே எடுக்க விட்டார்: சாமி அழைக்கிற அடி கூடாது. அடித்தால் பம்பை வேறு கைக்குப் போய்விடும். கோயில் திருவிழாவான நோம்பிதோறும் சாமி வருவது பம்பைக்காரரின் தங்கைமேல்தான் என்பதால் அவருக்கே அந்தப் பயம் இருந்தது.

நான் அதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகவே பார்த்தேன். அழைக்கிற அடியைத் தொடையில் மெதுவாகத் தட்டிக் காட்டச் சொல்லி வேகத்தை அளந்தேன். நோட்டில் எழுதினேன்: ஒன்று, நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு, அழைக்கிற அடியில் வரும் இடது கைக் குச்சியின் உருட்டல் வேண்டாம். மூன்று, பக்கத்தில் சாம்பிராணி புகையக் கூடாது. பம்பைக்காரர் படித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்க டீச்சர். வேற ஒண்ணுமில்ல."

ஒத்திகை எல்லாம் நிலையத்தில் நடந்தது. தங்கை அங்கே வந்ததில்லை. அந்த அறையில் எதிரொலி அதிகம் என்பதால், பதிவை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டோம். பனிமூட்டத்தில் பம்பையின் தோல் தொய்ந்திருந்தது. அடுப்பில் காட்டி முறுக்கேற்றினார்கள். தங்கை தட்டில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கோடு வந்து நின்று கணினியில் ஓடிய மூல இசையைக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சரு, இதுல ஒருத்தரும் வாயே தொறக்க மாட்டாங்களா? பாடறவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாட்ட இருக்குது."

"உனக்கு நாள் பூரா பேசறவங்கதான் வேணும்," என்றார் கணவர்.

"உங்க ஊதலக் கேட்டா பேச்சே தேவலை."

எல்லோரும் சிரித்தோம். பதிவைத் தொடங்கினேன்.

இந்த வகை இசை ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் எல்லா ஒலியும் அறுந்து நான்கு அடிக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு மொத்தமாக வெடிக்கும். கேட்பவர்கள் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான். பம்பைக்காரர் ஹெட்போனில் என் கணினியின் டிக் டிக்கைக் கேட்டபடி, கண்களை மூடி, துல்லியமாக ஏறினார். துல்லியமாக நிறுத்தினார்.

இரண்டாவது டிக்கில் கிழங்குத் தட்டு தரையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தங்கையின் கழுத்து பின்னால் சாய்ந்திருந்தது. டிக்கை நிறுத்தித் தடுத்திருக்கலாம். எனக்கு அது தோன்றுவதற்குள் நான்காவது டிக் முடிந்து பம்பை வெடித்தது. தங்கையின் உடம்பு முழுக்க ஆடத் தொடங்கியது.

நாதஸ்வரம் வாயிலிருந்து விலகியது. "மச்சான், நிப்பாட்டிறாதீங்க! பாதியில விட்டா இவ தாங்கமாட்டா!"

பம்பைக்காரர் கண் திறந்து தங்கையைப் பார்த்தார். அங்கேயே நிறுத்தினால் கீழே ஊருக்கு எதுவும் தெரியாது. ஆனால் வந்த சாமியை மலையேற்றித் திருப்பி அனுப்ப ஓர் அடி இருக்கிறது. அதை அடித்தால்தான் தங்கை தணிவார். அது காதில் விழுந்தால் ஊருக்கே விஷயம் புரிந்துவிடும். அவர் ஹெட்போனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்த அடியை அடித்தார், முழுச் சத்தத்தோடு. நான் டிக்கை நிறுத்தினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

தங்கை தணிந்து தண்ணீர் கேட்டபோது ஊர்க்கவுண்டர் வாசலில் நின்றார்.

"அழைக்கிற அடி அடிக்கலீங்க," என்று நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பதிவைப் போடச் சொன்னார். மௌனம் வந்த இடத்தில் கை காட்டினார்.

"இங்கதான். ஏறி நின்னு மூச்சுப் புடிக்கறமில்ல, அதுலதான் சாமி எறங்கும். உனக்குத் தெரியாதாப்பா?"

பம்பைக்காரர் பம்பையைக் கீழே இறக்கி வைத்தார். "அது அடியே இல்லீங்களே. சும்மா இருக்கறதுதானேன்னு டீச்சர்கிட்ட சொல்லாம உட்டுட்டேனுங்க."

"நிக்கற இடத்தைப் பத்தி நான் கேக்கவே இல்லீங்க," என்றேன். நான் கேட்டது அடிக்கிற வேகத்தை மட்டும்.

"அழிச்சிருங்க, டீச்சர்," என்றார் கவுண்டர். "இதைப் போட்டு எவ ஊட்டுல எவளுக்கு வருமோ? அப்பறம் ஆர் போயி மலையேத்தறது? அழிச்சா பம்பை உரிமை இவன்கிட்டயே இருக்கட்டும்."

மூன்று மாத உழைப்பு. கணினியில் அழித்தேன்.

"போன்ல?"

அழித்தேன்.

"நெட்டுல தானா ஏறிக்குமாமே, அது?"

அதையும் திறந்து, அவர் கண் முன்னால் அழித்தேன். கவுண்டர் பம்பையை எடுத்துக்கொண்டார். "நோம்பி வரைக்கும் கோயில்ல இருக்கும். நோம்பிக்கு வந்து எடுத்துக்க."

போன வாரம் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பம்பைக்காரர் மிளகு மூட்டையோடு வந்தார். நோம்பிக்குப் பிறகு மறுபடி பதிவு செய்து பார்க்கலாம், கவுண்டரிடம் கேட்டாகிவிட்டது என்றார்.

"நடுவுல நிக்காத பாட்டா ஒண்ணு பாருங்க டீச்சர்."

பட்டியல் போட்டுக் கேட்டு வருகிறேன். முப்பத்தொரு பாட்டு ஆகிவிட்டது. எல்லாம் எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன.